பிராக்கெட்டை அழிக்காதீர்கள்!



நம் ஆண்டு மலரில் கவிதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். சமுதாயத்தைச் சாடி எழுதவும் ஆள் இருக்கிறது. நான் எழுத வந்திருப்பது ஒரு பிராக்கெட்டைப் பற்றி. ஆமாம், கீபோர்டில் 9-க்கும் 0-க்கும் மேலே இருக்கிறதே, அதே அடைப்புக்குறிதான். சிரிக்காதீர்கள். அந்த ஒரு குறியால் எங்கள் புராஜெக்டில் ஒரு பொய் எழுதினோம். தெரிந்து எழுதவில்லை. ஆனாலும் பொய் பொய்தானே?

முதலில் மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். நீங்கள் ஒரு துளை போட்டால் கோ, நோ-கோ கேஜ் விட்டுப் பார்க்கிறீர்கள். கான்கிரீட் போட்டால் க்யூப் வார்த்து 28 நாள் கழித்து மிஷினில் வைத்து நசுக்கிப் பார்க்கிறீர்கள். நாங்களும் அப்படித்தான். புரோகிராம் எழுதினால் அதைச் சோதிக்க இன்னொரு குட்டி புரோகிராம் எழுதுவோம். அதற்குப் பெயர் டெஸ்ட். ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். எல்லா டெஸ்டையும் ஓட்டாமல் ஒன்றை மட்டும் ஓட்ட வேண்டுமானால், டெர்மினலில் அந்தப் பெயரை டைப் செய்து கேட்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதில் எங்கே வம்பு வரும் என்கிறீர்களா? சொல்கிறேன்.

நடந்தது இதுதான்

நாங்கள் மூன்று பேர் ஒரு குழு. வீட்டுக் கரன்ட் பில் கணக்குப் போடும் புரோகிராம் செய்தோம். நம் மாநிலத்தில் 2016 முதல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேலேதான் ஸ்லாப் கணக்கு. ஜாவாஸ்கிரிப்ட்டில் எழுதினோம், ஜெஸ்ட் என்ற கருவியில் டெஸ்ட் எழுதினோம். ஜெஸ்ட்டில் டெஸ்டின் பெயர் ஒரு முழு வாக்கியமாகவே இருக்கலாம். அதனால் நான் ஆசையாக, '100 யூனிட் வரை கட்டணம் இல்லை (இலவசம்)' என்று தமிழிலேயே பெயர் வைத்தேன்.

மற்ற ஸ்லாப்புகளை அப்போது எழுதி முடிக்கவில்லை, அந்த டெஸ்டுகள் ஃபெயில் ஆகும். ஆகவே இந்த ஒன்றை மட்டும் ஓட்ட நினைத்தோம். ஹைபன் டி போட்டு, பெயரை அப்படியே டைப் செய்தோம். பாஷ் ஷெல் உடனே கத்தியது: சின்டாக்ஸ் எரர், பிராக்கெட் பக்கத்தில் தகராறு! 'கோட் போடணும்' என்று யாரோ சொன்னது நினைவு வந்து பெயருக்கு இரண்டு பக்கமும் டபுள் கோட் போட்டேன். இந்தத் தடவை எரர் இல்லை. சிவப்பு எழுத்து எதுவும் இல்லை. பெயருக்குப் பொருந்துகிற டெஸ்ட் எல்லாவற்றையும் ஓட்டியாயிற்று என்ற பொருளில் கடைசி வரியும் வந்தது. ரிக்கார்டில் 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

அந்த வாரக் கடைசியில் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் கரன்ட் பில் கணக்கு மனசிலேயே போடுவாள். 'நூறு போடு' என்றாள். போட்டேன். புரோகிராம் காசு கேட்டது! 'நூறு வரைக்கும் காசு கிடையாதுன்னுதானேடி சொல்லுவாங்க?' என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. '100-ம் அதற்குக் கீழும்' என்று எழுத வேண்டிய இடத்தில் '100-க்குக் கீழ்' என்று எழுதியிருக்கிறோம். 101-வது யூனிட்டிலிருந்து காசு வாங்க வேண்டிய புரோகிராம், நூறாவது யூனிட்டிலிருந்தே வாங்கிவிட்டது. எந்தத் தவறைப் பிடிக்க அந்த டெஸ்டை எழுதினோமோ, அதே தவறு! அப்படியானால் டெஸ்ட் எப்படி பாஸ் ஆனது?

ஆகவே இல்லை நண்பர்களே. ஓடவே இல்லை. திரும்பப் போட்டுப் பார்த்தபோதுதான் மேலே ஒரு வரியைக் கவனித்தேன். எத்தனை டெஸ்ட் இருக்கிறதோ அத்தனையும் 'ஸ்கிப்டு'. பாஸ் என்று ஒன்றுகூட இல்லை. அதாவது, க்யூபை மிஷினில் வைக்காமலே 'நன்றாகத் தாங்குகிறது' என்று எழுதியிருக்கிறோம்.

பழி யார் மேல்?

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். குழுவில் இதைச் சொன்னதும் முதல் பதில் என்ன தெரியுமா? 'தமிழ்ல பேர் வச்சா இப்படித்தான். இங்கிலீஷ்ல வை.' நானும் நம்பினேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள் நான். எது தப்பாகப் போனாலும் தப்பு நம் பக்கம்தான் என்று நினைத்துப் பழகிவிட்டது. பெயரை இங்கிலீஷில் மாற்றினோம், அடைப்புக்குள்ளே 'ஃப்ரீ' என்று போட்டு. ஓட்டினோம். மறுபடியும் எல்லாம் ஸ்கிப்டு!

அப்போது உறைத்தது. குற்றவாளி தமிழ் இல்லை. பிராக்கெட்!

அடுத்த பதில் இன்னும் வேகமாக வந்தது: 'அப்போ பிராக்கெட்டை அழி. ஸ்பெஷல் கேரக்டரே வேண்டாம். எழுத்து, நம்பர், அண்டர்ஸ்கோர் போதும்.' லேபிலும் இதையே சொல்கிறார்கள். இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு. மிஷின் ஒன்றைப் பார்த்து முறைத்தால் உடனே அதை அழித்துவிடுவது படித்தவர்கள் செய்கிற வேலை இல்லை. ஏன் முறைத்தது என்று பார்க்க வேண்டாமா?

ஒரு பெயர், மூன்று வாசல்

நாம் டைப் செய்கிற பெயர் நேராக டெஸ்டிடம் போவதில்லை. மூன்று வாசல் தாண்டிப் போகிறது.

முதல் வாசல் ஷெல். இது நம் கட்டளையைத் தானே முதலில் படித்து, தனக்குப் புரிந்த குறிகளுக்குப் பொருள் செய்துகொள்ளும். இடைவெளி வந்தால் வார்த்தையை வெட்டும். டாலர் ($) வந்தால் அதையடுத்த பெயரில் ஏதாவது மதிப்பு இருக்கிறதா என்று தேடும். ஆம்பர்சன்ட் (&) வந்தால் அதோடு ஒரு கட்டளை முடிந்தது என்று எண்ணும். நட்சத்திரம் (*) வந்தால் ஃபைல் பெயர்களைக் கொண்டுவந்து கொட்டும். இது நேற்று வந்த வழக்கமல்ல. 1971-ல் வந்த யூனிக்ஸ் முதல் பதிப்பிலேயே இந்த நட்சத்திர வேலைக்கென்று க்ளாப் என்ற தனி புரோகிராம் இருந்தது.

இந்த வாசலுக்குச் சாவி சிங்கிள் கோட். பாஷில் சிங்கிள் கோட்டுக்குள் இருப்பதை ஷெல் தொடவே தொடாது. டபுள் கோட் அரைப் பூட்டுதான். அதற்குள்ளும் டாலருக்கு மதிப்புத் தேடும். டெர்மினலில் நேரடியாக டைப் செய்யும்போது ஆச்சரியக்குறியை ஒட்டி ஒரு வார்த்தை வந்தால், பழைய கட்டளையைத் தேடிப் போய் 'இவென்ட் நாட் ஃபவுண்ட்' என்று கைவிரிக்கும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. லேபில் லினக்ஸ், வீட்டில் விண்டோஸ். விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட்டுக்கு சிங்கிள் கோட் என்றால் கோட்டே இல்லை, அதுவும் ஒரு சாதாரண எழுத்து. அங்கே டபுள் கோட்தான் போட வேண்டும். ஹாக்கர் மாதிரி தெரிய வேண்டும் என்று காலி லினக்ஸ் போட்டுவைத்திருக்கும் நண்பர்களுக்கு வேறு வம்பு. 2020 நவம்பரில் வந்த பதிப்பிலிருந்து அதில் வழக்கமான ஷெல் இசட்-ஷெல். பைடெஸ்ட்டில் டெஸ்ட் பெயரின் கடைசியில் சதுர பிராக்கெட் வரும். கோட் இல்லாமல் போட்டால் பாஷ் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும். இசட்-ஷெல்லோ, அது ஏதோ ஃபைல் பெயர் என்று தேடி, 'நோ மேட்சஸ் ஃபவுண்ட்' என்று சொல்லி நின்றுவிடும். ஒரே கட்டளை, ஒருவர் மிஷினில் ஓடும், அடுத்தவர் மிஷினில் ஓடாது.

இரண்டாவது வாசல் டெஸ்ட் கருவி. நாங்கள் மாட்டியது இங்கேதான். ஜெஸ்ட் நாம் கொடுக்கிற பெயரைப் பெயராகப் பார்ப்பதில்லை, ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்ற தேடல் சூத்திரமாகப் பார்க்கிறது. அந்தச் சூத்திரத்தில் பிராக்கெட் என்பது எழுத்தே அல்ல, உள்ளே இருப்பதை ஒன்றாகக் கட்டுகிற கயிறு. ஆகவே அது பிராக்கெட் இல்லாத 'இலவசம்' என்ற பெயரைத் தேடியது. எங்கள் பெயரிலோ பிராக்கெட் இருந்தது. பொருந்தவில்லை. எல்லாவற்றையும் ஸ்கிப் செய்துவிட்டு 'வேலை முடிந்தது' என்று சொல்லிவிட்டது. பிராக்கெட்டுக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட்டு, மொத்தத்தையும் சிங்கிள் கோட்டில் வைத்ததும் ஓடியது. டெஸ்ட் ஃபெயில் ஆனது. ஃபெயில் ஆனதைப் பார்த்து அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தோஷப்பட்டேன்!

இந்த வாசலில் கேள்விக்குறியும் ஆளை ஏமாற்றும். சூத்திரத்தில் கேள்விக்குறிக்கு 'முன்னால் இருப்பது இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி' என்று பொருள். 'இலவசமா?' என்று தேடினால் கடைசியில் உள்ள காலை மட்டும் 'இருந்தாலும் இல்லாவிட்டாலும்' என்று எடுத்துக்கொண்டு, 'இலவசம்' என்று இருக்கிற டெஸ்டையும் சேர்த்து ஓட்டும். நட்சத்திரத்துக்கும் ஷெல்லில் ஒரு பொருள், இங்கே வேறு பொருள். அங்கே 'எது வேண்டுமானாலும்', இங்கே 'முன்னால் உள்ளது எத்தனை தடவை வேண்டுமானாலும்'. ஒரே ஆளுக்கு ஊருக்கு ஒரு பட்டப்பெயர் மாதிரி.

மூன்றாவது வாசல் எழுத்துக் குறியீடு. தமிழுக்கென்று உண்மையான சிக்கல் இருப்பது இங்கேதான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'ஔவை' என்று எழுதும்போது சிலர் ஔ என்ற ஒரே எழுத்தைப் போடுவார்கள், சிலர் ஒ போட்டு ள போடுவார்கள். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று, மிஷினுக்கு இரண்டு. 'கொ' என்பதிலும் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் வைக்கலாம், இரண்டு குறியீடாகவும் வைக்கலாம். டெஸ்டில் ஒரு விதமாகவும் டெர்மினலில் வேறு விதமாகவும் வந்தால் பொருந்தாது. பெயரை மறுபடி டைப் செய்யாமல் காப்பி செய்து ஒட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

பைடெஸ்ட்டில் இன்னொரு கூத்து. ஒரே டெஸ்டுக்குப் பல மதிப்புகள் கொடுத்து ஓட்டும்போது, அந்த மதிப்பு தமிழாக இருந்தால் பெயரில் தமிழாகக் காட்டாது. 'அம்மா' என்று கொடுத்தால் ஐந்து குறியீடாக உடைத்து, மொத்தம் 30 எழுத்து நீளத்துக்கு பேக்ஸ்லாஷும் நம்பருமாகக் காட்டும். தமிழாகவே காட்டச் செய்ய ஒரு செட்டிங் உண்டு. அதன் பெயரிலேயே, 'இதைப் போட்டால் சமூக உதவி கேட்கும் உரிமை எல்லாம் போய்விடும்' என்ற பொருள் வருகிற மாதிரி இங்கிலீஷில் நீளமாக எழுதி வைத்திருக்கிறார்கள்! 1991-ல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. இருந்தும் இன்னும் சில கருவிகளின் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். முதல் இரண்டு வாசலிலும் வம்பு செய்த குறிகள் எவை? டாலர், நட்சத்திரம், பிராக்கெட், கேள்விக்குறி. எல்லாம் 1963-ல் வந்த ஆஸ்கி பட்டியல் காலத்திலிருந்து இங்கிலீஷ் கீபோர்டில் குடியிருப்பவை. அந்த இரண்டு வாசலிலும் நம் தமிழ் எழுத்து எதுவும் ஸ்பெஷல் கேரக்டர் அல்ல. ஆனாலும் முதல் பழி தமிழ் மேல்தான் விழுந்தது. போட்டவர்களும் நாமேதான்.

பெயர் ஏன் வாக்கியமாக இருக்க வேண்டும்?

'இவ்வளவு தொல்லை எதற்கு? டெஸ்ட்1, டெஸ்ட்2 என்று வைத்துவிட்டுப் போகலாமே?' என்று கேட்கலாம். ஒரு டெஸ்ட் ஃபெயில் ஆகும்போது முதலில் கண்ணில் படுவது அதன் பெயர். ராத்திரி 11 மணிக்கு, மறுநாள் ரிவ்யூ என்கிற நிலையில், 'டெஸ்ட்7 ஃபெயில்' என்று வந்தால் என்ன புரியும்? '100 யூனிட் வரை கட்டணம் இல்லை' ஃபெயில் என்று வந்தால், புரோகிராம் தெரியாத என் அம்மாவுக்குக்கூடப் புரியும்.

பெரிய பெரிய கருவிகள் செய்தவர்களும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறார்கள். கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997-ல் செய்த ஜேயூனிட்டில் முதலில் 'டெஸ்ட்' என்று தொடங்குகிற ஒட்டுப் பெயர்தான் வைக்க முடியும். 2017-ல் வந்த ஜேயூனிட் 5-ல் டிஸ்ப்ளே நேம் என்று ஒரு வாக்கியமே வைக்கலாம், இடைவெளியோடு, குறிகளோடு. உலகம் வாக்கியத்தை நோக்கிப் போகும்போது நாம் அண்டர்ஸ்கோரை நோக்கித் திரும்புவதா?

எதிர்க்கட்சியின் வாதத்திலும் நியாயம் இருக்கிறது. ஃபைல் பெயர், ஃபோல்டர் பெயர் என்றால் நானும் அவர்கள் பக்கம்தான். அங்கே எழுத்தும் நம்பரும் போதும். ஆனால் ஃபைல் பெயர் வீட்டுக் கதவு நம்பர் மாதிரி. டெஸ்டின் பெயர் நாம் கொடுக்கிற வாக்கு மாதிரி. 'இந்த புரோகிராம் இப்படி நடக்கும்' என்று சொல்கிற வாக்கு. வாக்கை நம்பராகக் கொடுக்க முடியாது.

என் யோசனைகள்

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் சரியல்ல. எங்கள் குழுவில் நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு சின்னக் குறி வைக்கிறோம். 'பில்07 - 100 யூனிட் வரை கட்டணம் இல்லை (இலவசம்)' என்பது போல. டெர்மினலில் 'பில்07' மட்டும் டைப் செய்தால் போதும். எந்த வாசலிலும் யாரும் தடுக்க மாட்டார்கள். வாக்கியம் மனிதருக்கு, குறி மிஷினுக்கு. நம்பரை 07 என்று இரண்டு இலக்கமாக வைக்க வேண்டும். பில்1 என்று வைத்தால் பில்10, பில்11 எல்லாம் கூடவே ஓடும்.

இரண்டு: பச்சை நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டோம். எண்ணிக்கையைப் பார்க்கிறோம். எத்தனை ஓடியது, எத்தனை பாஸ், எத்தனை ஸ்கிப்? பைடெஸ்ட் நல்ல பிள்ளை. ஒரு டெஸ்டும் ஓடவில்லை என்றால் முடிவில் 0 சொல்லாமல் 5 என்ற எண்ணைத் திருப்பித் தரும். கோ மொழியின் டெஸ்ட் கருவி 'ஓட்ட எதுவும் இல்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு, பக்கத்திலேயே 'ஓகே' என்றும் போட்டுவிடும். கத்துகிற மிஷினை நம்பலாம். ஆபத்து, ஒன்றும் சொல்லாமல் சிரிக்கிற மிஷினால்தான். அன்றைக்கு எங்களைப் பார்த்துக் கத்திய ஷெல்தான் எங்களுக்கு நல்லது செய்யப் பார்த்தது. நாங்கள்தான் அதன் வாயை டபுள் கோட்டால் அடைத்தோம்.

மூன்று: பெயர் சொல்லித் தனியாக ஓட்டுவது வேலை நடுவில் நமக்கு ஒரு வசதி, அவ்வளவுதான். ரிக்கார்டில் 'பாஸ்' எழுதுவதற்கு முன் எல்லா டெஸ்டையும் ஒரு தடவை முழுசாக ஓட்டிவிட வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் பணிவான ஒரு வேண்டுகோள். லேபில் முதல் செமஸ்டரிலேயே ஒரே ஒரு மணி நேரம் இந்தக் கோட் விஷயத்துக்கு ஒதுக்குங்கள். சிங்கிள் கோட், டபுள் கோட், பேக்ஸ்லாஷ், இவ்வளவுதான். அதோடு ரிக்கார்டில் 'ரிசல்ட்' என்ற வரிக்குக் கீழே 'ஓடிய டெஸ்டுகளின் எண்ணிக்கை' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் நாங்கள் அன்றைக்கே பிடிபட்டிருப்போம். பிடிபட்டிருந்தால் நல்லதுதான்.

நண்பர்களே, நாளைக்கு நாம் எழுதுகிற புரோகிராம் யாரோ ஒரு வீட்டுக்கு நிஜமாகவே பில் போடும். அந்த வீட்டில் என் அம்மா மாதிரி மனக்கணக்குத் தெரிந்தவர் இருந்தால் கேள்வி கேட்பார். இல்லாவிட்டால் கேட்ட காசைக் கட்டிவிட்டுப் போவார்கள். ஓடாத டெஸ்டை பாஸ் என்று எழுதினால் அதற்கு விலை கொடுப்பது நாம் அல்ல, அவர்கள்தான்.

ஆகவே எரர் வந்தால் பயப்படாதீர்கள். உடனே நம் மொழி மேலும், நம் மேலும் பழி போடாதீர்கள். எந்த வாசலில் தடுத்தார்கள் என்று நின்று பாருங்கள். பிராக்கெட்டை அழிப்பது ஒரு விநாடி வேலை. அது ஏன் தடுத்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு ராத்திரி ஆனது. அந்த ராத்திரியில் படித்ததை மட்டும் நான் எந்தப் பரீட்சைக்காகவும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அம்மாவிடம் மறுபடியும் காட்டினேன். நூறு போட்டுப் பார்த்தாள். பூஜ்யம் வந்தது. 'நூத்தி ஒண்ணு போடு' என்றாள். நான் சொன்னேன், 'அதுக்கும் டெஸ்ட் எழுதியிருக்கேம்மா. இந்தத் தடவை ஓடுச்சு.'